வானினுள் மின் வின்ச்: பாதுகாப்பாக வயரிடும் முறை

கொட்டகலை, அவிசாவளையிலிருந்து நுவரெலியா செல்லும் ஏ7 பெருந்தெருவில், அட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடையில், தேயிலைச் சரிவுகள் சூழ அமைந்த ஊராகும். இங்கு லயன்களை அடுத்த தோட்டங்களிலும் ஓடைகளை அண்டிய பள்ள நிலங்களிலும் கரட், லீக்ஸ், கோவா, பீற்றூட், போஞ்சி, உருளைக்கிழங்கு முதலியன பயிரிடப்படுகின்றன. இதே நுவரெலியா மாவட்டத்தின் வலப்பனை, ஹங்குரான்கெத்தைப் பகுதிகளில், மலையை வெட்டிய படிவயல்களில் நெல் விளைகின்றது. மரக்கறி செய்வோருக்கும் நெல் விதைப்போருக்கும் பொதுவான வருத்தம் ஒன்றுண்டு. அஃது, பாரத்தை மேட்டிற்கு ஏற்றும் வருத்தமாகும்.

லான்ட்மாஸ்டர் என்று பொதுவாக அழைக்கப்படும் இரு சில்லு உழவு யந்திரத்தை ஒரு நிலத்திலிருந்து மற்றொரு நிலத்திற்குக் கொண்டுசெல்லக் கமக்காரர் பலர் வானைப் பயன்படுத்துகின்றனர். இரண்டு பலகைகளைச் சாய்த்து, மூவரோ நால்வரோ பின்னின்று தள்ளி யந்திரத்தை உள்ளே ஏற்றுவது வழக்கம். மழையில் நனைந்த பலகையிற் கால் வழுக்கினால் யந்திரம் தள்ளியவர் மேலேயே திரும்பி வரும். மூட்டைகள் அடுக்கிய தள்ளுவண்டியை ஏற்றும்போதும் இதே இடர் உண்டு. வானின் உட்புறத்தே முன்பக்கமாக ஒரு மின் வின்ச்சைப் பொருத்தி, அதன் கம்பிவடத்தினால் பாரத்தை இழுத்தேற்றினால் இவ்விடர் பெரிதும் நீங்கும். கொழுந்து மூட்டைகளைக் கம்பிவழியே தொழிற்சாலைக்கு இறக்கிய தோட்டங்களைக் கண்ட மலைநாட்டு மக்களுக்குக் கம்பிவடத்தின் பயன் புதிதன்று.

ஆயினும், வின்ச் ஒன்றை வாங்கி, கையிற் கிடைத்த இரண்டு வயர்களால் அதனைப் பற்றரியுடன் இணைத்துவிட்டால் வேலை முடிந்தது என எண்ணுதல் பெருந்தவறாகும். முறைகேடாக வயரிடப்பட்ட வின்ச், தள்ளுபவரின் காலைக் காப்பாற்றி, வானையே எரித்துவிடக்கூடும். எவ்வாறு வயரிடல் வேண்டும் என்பதும், அவ்வாறு செய்வதற்குக் காரணம் யாது என்பதும் கீழே விளக்கப்படுகின்றன.

1. ஆபத்து எங்கே உள்ளது?

வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று உடையது. தொட்டவரைக் கொல்ல வல்லது. வானின் பற்றரி 12 வோல்ற்று மாத்திரமே உடையது. அதன் இரு முனைகளையும் உலர்ந்த கையினால் தொட்டாலும் அதிர்ச்சி உணரப்படுவதில்லை. இதனாலேயே பலர் அதனை அச்சமின்றிக் கையாளுகின்றனர்.

ஆனால் வின்ச்சைப் பொறுத்தவரை ஆபத்து மின்னோட்டத்தின் மிகுதியில் உள்ளது. முழுப் பாரத்தில் 150 அம்பியர் எடுக்கும் சிறிய வின்ச் ஒன்றை உதாரணமாகக் கொள்வோம். 12 வோல்ற்றை 150 அம்பியராற் பெருக்க 1,800 வாற்று வரும். வீட்டில் இதே வலுவுடைய கருவியொன்று ஏறத்தாழ 8 அம்பியரையே எடுக்கும். வயரில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்திற்கேற்பப் பெருகுவது. அதாவது, ஓட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். பத்து மடங்கானால் நூறு மடங்காகும். வீட்டு வேலைக்குப் போதுமான வயர் வின்ச்சிற்கு ஒருபோதும் போதாது என்பதற்குக் காரணம் இதுவே.

2. முதலிற் பாரத்தைக் கணித்தல்

வின்ச் பெரிதாக இருந்தால் நன்று என நினைத்து 9,000 இறாத்தல், 10,000 இறாத்தல் இழுக்கும் வின்ச்சுகளை வாங்குவோர் உளர். சேற்றிற் புதைந்த வாகனங்களை இழுப்பதற்கென அமைந்த இவ்வின்ச்சுகள் முழுப் பாரத்தில் 400 அம்பியரளவு மின்னோட்டத்தை எடுக்கக்கூடியவை. வானினுட் செய்யும் வேலைக்கு இவை வேண்டியதில்லை.

கணக்கு எளிது. வானின் தளம் நிலத்திலிருந்து 60 சதமமீற்றர் உயரத்தில் உள்ளதெனவும், சாய்வுப் பலகையின் நீளம் 240 சதமமீற்றர் எனவும் கொள்க. சரிவு 4க்கு 1 ஆகும். இது எத்துணைக் கடுமையானது என்பதை மலைநாட்டு இரயில் பாதையுடன் ஒப்பிட்டு அறியலாம். 1885ஆம் ஆண்டு நானுஓயாவை எட்டியதும் கொட்டகலையூடாகச் செல்வதுமான அப்பாதையின் கடுஞ்சரிவு 44க்கு 1 மாத்திரமே.

யந்திரத்தின் நிறை 400 கிலோகிராம் எனின், 4க்கு 1 சரிவில் அதனை இழுக்க 100 கிலோகிராம் இழுவை வேண்டும். சில்லு உருளுவதற்கான தடைக்கு மேலும் 40 கிலோகிராம் சேர்க்க, 140 கிலோகிராம் ஆகின்றது. சேறு ஒட்டிய சில்லு, பலகையின் விளிம்பில் ஏறும் முதற் கணம் என்பவற்றிற்காக இதனை மும்மடங்காகக் கொண்டாலும் 420 கிலோகிராமே வரும். 2,000 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 900 கிலோகிராம், இழுக்கும் வின்ச் இதற்கு மிகப் போதுமானது.

பலகையின் நீளத்தைக் கூட்டினால் இழுவை மேலும் குறையும். ஆதலால் பெரிய வின்ச் வாங்குவதிலும் நீண்ட பலகை செய்வது மலிவு, பாதுகாப்பும் ஆகும். வின்ச்சில் எழுதப்பட்ட இழுவைத்திறன் உருளையின் முதற் சுற்றடுக்கிற்கே பொருந்தும் என்பதையும், வடம் அடுக்கடுக்காகச் சுற்றச் சுற்ற அத்திறன் குறையும் என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

3. வயரின் பருமன்

பற்றரி முன்புறத்தில் இருக்க, வின்ச்சிற்குச் செல்லும் வயர் வளைந்து நெளிந்து 5 மீற்றர் செல்கின்றதெனக் கொள்க. மின்னோட்டம் சென்று திரும்ப வேண்டுமாதலின் வயரின் மொத்த நீளம் 10 மீற்றர் ஆகும். 150 அம்பியர் ஓடும்போது செப்பு வயரில் இழக்கப்படும் வோல்ற்றளவும், வெப்பமாக வீணாகும் வலுவும் பின்வருமாறு:

10 சதுர மில்லிமீற்றர் வயர்: இழப்பு 2.6 வோல்ற்று, வெப்பம் 394 வாற்று.
16 சதுர மில்லிமீற்றர் வயர்: இழப்பு 1.6 வோல்ற்று, வெப்பம் 246 வாற்று.
25 சதுர மில்லிமீற்றர் வயர்: இழப்பு 1.05 வோல்ற்று, வெப்பம் 158 வாற்று.
35 சதுர மில்லிமீற்றர் வயர்: இழப்பு 0.75 வோல்ற்று, வெப்பம் 113 வாற்று.
50 சதுர மில்லிமீற்றர் வயர்: இழப்பு 0.5 வோல்ற்று, வெப்பம் 79 வாற்று.

10 சதுர மில்லிமீற்றர் வயரினுள் 100 வாற்றுக் குமிழ்கள் நான்கு எரிவதற்கு ஒப்பான வெப்பம் பிறக்கின்றது. அதே வேளையில் வின்ச்சிற்கு 9.4 வோல்ற்றே எஞ்சுவதால் அது மெலிந்து இழுக்கும். வேலை முடிய நேரம் மிகும். வெப்பமும் மேலும் சேரும். ஆகவே இவ்வுதாரணத்திற்கு 35 சதுர மில்லிமீற்றருக்குக் குறையாத வயரே தக்கது. வேறு வின்ச்சாயின் அதன் கைந்நூலிற் கூறப்பட்ட பருமனுக்குக் குறைதல் ஆகாது.

வயர் நுண்ணிய செப்பிழைகள் பலவற்றால் ஆனதும் எளிதில் வளைவதுமாய் இருத்தல் வேண்டும். செம்பு பூசிய அலுமினிய வயர்கள் குறைந்த விலைக்கு விற்கப்படுவதுண்டு. இழையொன்றைக் கத்தியாற் சுரண்டும்போது உள்ளே வெண்மை தோன்றினால் அது செம்பு அன்று. அலுமினியத்தின் கடத்துதிறன் செம்பினதில் ஏறத்தாழ 60 சதவீதமே.

4. உருகி

உருகி (பியூஸ்) வின்ச்சைக் காப்பதற்காக இடப்படுவதன்று. வயரைக் காத்து, அதன் வழியே வானைக் காப்பதற்காக இடப்படுவது. மலைப்பாதையின் குலுக்கலில் வயரின் உறை தகட்டு விளிம்பில் உராய்ந்து தேயுமாயின், உள்ளிருக்கும் செம்பு வானின் உடலைத் தொடும். அப்போது பற்றரியிலிருந்து பல நூறு அம்பியர் பாயும். உருகி இல்லையெனின் வயர் செந்தழலாகும் வரை அவ்வோட்டத்தை நிறுத்துவதற்கு எதுவுமில்லை. வின்ச் இயங்காத வேளையிலும், வான் தெருவோரம் நிற்கும் இரவிலும் இது நிகழக்கூடும்.

எனவே உருகியைப் பற்றரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்திற்குள் அமைத்தல் வேண்டும். வின்ச்சின் அருகில் அமைக்கப்பட்ட உருகியாற் பயனில்லை. ஏனெனில் பற்றரிக்கும் உருகிக்கும் இடைப்பட்ட வயர் முழுவதும் காவலின்றிக் கிடக்கும். உருகியின் அளவு, வயரின் தாங்குதிறனுக்கு ஏற்றதாயும் வின்ச்சின் கைந்நூலுக்கு இணங்கியதாயும் இருத்தல் வேண்டும். மேற்கூறிய உதாரணத்திற்கு 200 அம்பியர் உருகி பொருந்தும். எரிந்துபோன உருகிக்குப் பதிலாக ஆணி, கம்பித்துண்டு, வெள்ளித்தாள் என்பவற்றை வைப்பது வானுக்குத் தீ வைப்பதற்கு ஒப்பாகும்.

5. வயர் செல்லும் வழி

கரட் முதலியன கழுவப்பட்ட பின்னரே மூட்டையாகக் கட்டப்பட்டு வானில் ஏற்றப்படுவதுண்டு. அம்மூட்டைகளிலிருந்து வடியும் நீர் தளத்தில் நிற்கும். பசளை மூட்டையிலிருந்து சிந்தும் உப்பு அந்நீரிற் கரைந்து செம்பையும் இரும்பையும் அரிக்கும். ஆதலால் தளத்தின் மேல், விரிப்பின் கீழ் வயரை இடுதல் ஆகாது. மூட்டை இழுக்கப்படும் போதும் யந்திரத்தின் சில்லு ஏறும் போதும் உறை நசுங்குவதும் அங்கேதான்.

வயரை உட்சுவரின் மேற்பகுதி வழியாகவோ, தளத்தின் கீழே செசியை ஒட்டியோ கொண்டுசெல்லலாம். செசி வழியே செல்லுமாயின், புகைக்குழாய், எரிபொருட் குழாய், பிறேக் குழாய், சுழலும் தண்டு ஆகியவற்றிலிருந்து விலக்கி, ஒவ்வொரு 30 சதமமீற்றருக்கும் ஒரு கிளிப்பு இட்டு இறுக்குதல் வேண்டும். வயரின் மேல் நெளிகுழாயொன்றையும் அணிவித்தல் நன்று. தகட்டினூடே வயர் நுழையும் ஒவ்வொரு துவாரத்திலும் றப்பர் வளையம் இருத்தல் கட்டாயம். இவ்வளையத்தின் விலை சொற்பம். அது இல்லாமையால் நேரும் இழப்போ பெரிது.

எதிர்முனைக்கு வயர் வேண்டாம், வானின் உடலே போதும் என்பது சிலரின் எண்ணம். விளக்கிற்கு அது போதும், வின்ச்சிற்குப் போதாது. மலைநாட்டு மழையிலும் மூடுபனியிலும் தகட்டின் பொருத்துகள் துருவேறும். துருவேறிய பொருத்தொன்றின் தடை ஓர் ஓமின் நூறிலொரு பங்காக இருப்பினும், 150 அம்பியர் ஓடும்போது அவ்விடத்தில் மாத்திரம் 225 வாற்று வெப்பம் பிறக்கும். எனவே நேர்முனை வயருக்குச் சமமான பருமனுடைய எதிர்முனை வயரொன்றைப் பற்றரி வரை கொண்டுசெல்லல் வேண்டும்.

வயர் முனைகளிற் செப்பு லக்குகளை, அதற்கென அமைந்த அழுத்தும் கருவியாற் பொருத்துதல் வேண்டும். சுத்தியலால் அடித்து நசுக்கிய லக்கும், முறுக்கிக் கட்டிய இணைப்பும் நாளடைவில் தளரும். ஈயப்பற்றை மாத்திரம் நம்பிய இணைப்பு, சூடேறும்போது உருகி விலகும். வழியிடையே ஒட்டுப் போடாது முழு நீளத்திற்கும் ஒரே வயரை இடுதல் சிறந்தது.

6. இரண்டு ஆளிகள்

வின்ச்சின் மின்னோட்டத்தைக் கையிற் பிடிக்கும் சிறிய ஆளி தாங்காது. ஆகவே கையாளி ஒரு சொலினொயிட்டை இயக்க, சொலினொயிட்டே பெரிய ஓட்டத்தை இணைக்கவும் துண்டிக்கவும் செய்கின்றது. இதனைப் பெட்டியிலிட்டு, தளத்திலிருந்து உயரத்தில், நீர் படாத இடத்தில் அமைத்தல் வேண்டும். அது இயங்கும்போது உள்ளே பொறி பறக்குமாதலின், பெற்றோல், மண்ணெண்ணெய்க் கலன்களை அதனருகில் வைத்தல் ஆகாது.

சொலினொயிட்டில் ஒரு குறை உண்டு. பெரும் ஓட்டத்தினால் அதன் தொடுமுனைகள் உருகி ஒன்றுடனொன்று ஒட்டிக்கொள்ளக்கூடும். அவ்வேளையிற் கையாளியை விட்டாலும் வின்ச் நிற்காது. வடம் அறும் வரை, அல்லது யந்திரம் முன்சுவரை முட்டும் வரை, இழுத்துக்கொண்டே இருக்கும். இதற்காகவே பிரதான ஆளி (மெயின் சுவிச்) ஒன்று இன்றியமையாதது. முழு ஓட்டத்தையும் துண்டிக்க வல்ல ஆளியைத் தெரிந்து, இழுப்பவர் நிற்குமிடத்திலிருந்து கை எட்டும் தூரத்தில் அமைத்தல் வேண்டும். மூட்டைகளுக்குப் பின்னே மறைந்த ஆளி, ஆளியின்மைக்குச் சமம். வேலை முடிந்ததும் இவ்வாளியை நிறுத்திய பின்னரே வானை ஓட்டுதல் வேண்டும்.

7. பற்றரி

முழுப் பாரத்தில் ஒரு நிமிடம் இழுத்தால் 2.5 அம்பியர் மணி செலவாகும். பற்றரிக்கு 20 அம்பியர் மின்னூட்டம் கிடைக்குமாயின் அதனை மீட்க ஏழரை நிமிடம் செல்லும். எஞ்சினை இயக்கியவாறு வின்ச்சைப் பயன்படுத்தல் இதனால் நன்று. ஆயினும் அடைத்த கொட்டிலினுள் அவ்வாறு செய்தல் உயிராபத்தாகும்; புகையிலுள்ள காபனோரொட்சைட்டு மணமின்றிக் கொல்லும். வானின் கதவுகளைத் திறந்து, காற்றோட்டமுள்ள வெளியில் நிறுத்துதல் வேண்டும்.

வின்ச்சிற்கெனத் தனிப் பற்றரி வைக்க விரும்புவோர், அதனை அசையாது கட்டி, மூடியுள்ள பெட்டியில் இட்டு, பெட்டியிலிருந்து வெளியே ஒரு குழாய் செல்ல விடுதல் வேண்டும். மின்னேற்றப்படும் பற்றரி ஐதரசன் வாயுவை வெளிவிடும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தவுடன் அவ்வாயு வெடிக்கும் தன்மை பெறும். இரு பற்றரிகளையும் இணைக்கும் வயருக்கு இரு முனைகளிலும் உருகி வேண்டும். ஏனெனில் ஓட்டம் இரு புறத்திலிருந்தும் வரக்கூடியது.

8. பூட்டும் முறையும் பரிசோதனையும்

வானின் தளத்தகடு மெல்லியது. வின்ச்சைத் தகட்டில் மாத்திரம் பூட்டினால் பாரம் ஏறும்போது அது பிய்ந்து வரும். கனத்த இரும்புப் பலகையின் மேல் வைத்து, செசியுடன் சேரப் பெரிய புரியாணிகளாற் பூட்டுதல் வேண்டும். துளையிடு முன் தளத்தின் கீழே எரிபொருட் கலனோ குழாயோ உள்ளதா எனக் குனிந்து பார்த்தல் அவசியம்.

வேலை தொடங்கு முன் மோதிரம், காப்பு, சங்கிலி என்பவற்றைக் கழற்றிவிடுக. பற்றரியின் எதிர்முனையை முதலிற் கழற்றி, யாவும் முடிந்த பின் இறுதியாகப் பூட்டுக. இவ்வொழுங்கைப் பின்பற்றினால், நேர்முனையைத் திருகும் ஸ்பானர் வானின் உடலிற் பட்டாலும் தீப்பொறி எழாது.

பின்னர் பாரமின்றி இயக்கிப் பார்க்கவும். அடுத்துப் பாரத்துடன் இழுக்கும்போது, பற்றரி முனைகளிலும் வின்ச் முனைகளிலும் வோல்ற்றுமானியால் அளந்து பார்க்கவும். இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு ஒரு வோல்ற்றுக்கு மேற்பட்டால் எங்கோ ஓர் இணைப்பு தளர்ந்துள்ளது, அல்லது வயர் மெல்லியது. பிரதான ஆளியை நிறுத்திய பின், ஒவ்வோர் இணைப்பையும் புறங்கையால் தொட்டுப் பார்க்கவும். ஏனையவற்றிலும் சூடான இணைப்பே குறையுள்ளது.

இவ்வேலையை வாகன மின்வேலையிற் பழகியவரைக் கொண்டு செய்வித்தல் சிறந்தது. வானின் அமைப்பில் மாற்றம் செய்யு முன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் விதிகளையும், காப்புறுதி நிறுவனத்தின் நிபந்தனைகளையும் கேட்டறிதல் வேண்டும்.

9. இழுக்கும்போது கவனிக்க வேண்டியவை

வானைச் சமமான இடத்தில் நிறுத்தி, கைப்பிறேக் இட்டு, நான்கு சில்லுகளுக்கும் கட்டை வைத்தல் வேண்டும். உழவு யந்திரத்தின் எஞ்சினை நிறுத்தி, எரிபொருட் குழாயை மூடி, கியரை விலக்கி விடுக. உருளையில் ஐந்து சுற்றுக் கம்பிவடமேனும் எப்போதும் எஞ்சியிருத்தல் வேண்டும். இல்லையேல் வடம் உருளையிலிருந்து கழன்றுவிடும்.

வடம் அறுமாயின் சவுக்கைப் போலத் திரும்பி வரும். ஆகவே வடத்தின் நேரே ஒருவரும் நிற்றல் ஆகாது. வடத்தின் நடுவில் ஈரச்சாக்கு ஒன்றைப் போட்டு வைத்தால் அதன் வீச்சுத் தணியும். யந்திரத்தின் பின்னாலும் ஒருவரும் நிற்கலாகாது. தள்ளியுதவ நிற்பவரே முன்னர் அடிபட்டவர். வின்ச் வந்த பின்னும் அவ்விடத்தில் நின்றால் வின்ச் வாங்கியதற்குப் பயனில்லை. சிறுவரை அருகில் விடுதல் ஆகாது. தோலுறையின்றிக் கம்பிவடத்தைப் பிடித்தலும் தகாது.

ஒரு நிமிட அளவிற்கு இழுத்து, மோட்டாரைத் தொட்டுப் பார்த்து, சூடு தணிய விட்டு மீண்டும் இழுக்கவும். யந்திரம் உள்ளே வந்தபின் நான்கு மூலைகளிலும் கயிறு அல்லது சங்கிலியால் கட்டுதல் வேண்டும். வின்ச்சின் வடத்தை நம்பி மலைப்பாதையில் ஓடுதல் ஆகாது. ஆட்களைத் தூக்கவோ, பள்ளத்திலிருந்து மூட்டைகளைச் செங்குத்தாக ஏற்றவோ இவ்வின்ச்சைப் பயன்படுத்தலும் ஆகாது. அதன் பிறேக் அதற்கென அமைந்ததன்று.

10. பராமரிப்பு

மாதந்தோறும் இணைப்புகளை இறுக்கி, பற்றரி முனைகளைத் துப்புரவாக்கி, மெல்லிய கிறீஸ் பூசுக. பசளை ஏற்றிய நாளில் வானின் தளத்தைத் துடைத்து உலர்த்துக. றப்பர் வளையங்கள் உள்ள இடங்களில் உறை தேய்ந்துள்ளதா என வருடத்தில் இருமுறை, சிறப்பாகத் தென்மேற்குப் பருவமழைக்கு முன், பார்த்துக் கொள்க. இழை அறுந்த கம்பிவடத்தை மாற்றுக. உலர்தூள் தீயணைப்புக் கருவியொன்றைச் சாரதியின் ஆசனத்தருகே வைத்திருத்தல் நன்று. புகை மணம் வந்தால் முதற் செயல் பிரதான ஆளியை நிறுத்துவதே.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. வேலைக்கு ஏற்ற சிறிய வின்ச்சும் நீண்ட பலகையும் தெரிந்தெடுக்க.
2. இரு முனைகளுக்கும் சமமான பருத்த செப்பு வயர் இடுக.
3. உருகியைப் பற்றரியிலிருந்து ஒரு சாணுக்குள் வைக்க.
4. தகட்டுத் துவாரம் ஒவ்வொன்றிலும் றப்பர் வளையம் இடுக.
5. பிரதான ஆளி கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். ஓட்டம் தொடங்கு முன் அதனை நிறுத்துக.
6. வடத்தின் நேரிலும் பாரத்தின் பின்னிலும் நில்லாதிருக்க.

ஒரு போகத்தின் விளைவு பிழைத்தால் அடுத்த போகத்தில் ஈடுசெய்யலாம். ஆனால் கமக்காரர் பலருக்கு வான் பல வருட உழைப்பின் சேமிப்பாகும். கடனில் வாங்கியதாயின் அது எரிந்த பின்னும் தவணை நிற்பதில்லை. பருத்த வயருக்கும் உருகிக்கும் ஆளிக்கும் செலவிடும் பணம் அச்சேமிப்பிற்கு இட்ட வேலியாகும்.